அடிக்க வராத கேட்சரை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்?

கிளீவ்லாந்து மீனா:

வணக்கம். நாங்கள் கிளீவ்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. தியாகராஜ ஆராதனை நடக்கும் ஊர் என்பதைத் தவிர இந்த ஊரைப் பற்றி எனக்கு முன்பு ஒன்றும் தெரியாது. இப்போது என் 11 வயது மகளால் வீட்டில் எழுந்தால் உட்கார்ந்தால் பேஸ்பால் பேச்சுதான். அவள் ஒரு சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியே, பெரிய பந்தில் ஆடுவது) அணியில் ஆடுகிறாள். போன மாதம் அவளுடைய பயிற்சியாளர் "இனி நீதான் கேட்சர்" என்று சொல்லிவிட்டார். பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் இடம் அது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து போடவும் வராத, அடிக்கவும் வராத பிள்ளையைத்தான் ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்துவோம். அப்படி இவளையும் ஓரம் கட்டிவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம்.

2024-இல் குடும்பத்தோடு இந்த ஊர் பேஸ்பால் அணியான கார்டியன்ஸ் ஆட்டம் பார்க்கப் போனோம். அவர்களிடம் ஆஸ்டின் ஹெட்ஜஸ் என்று ஒரு கேட்சர். அந்த சீசன் முடிவில் அவருடைய பேட்டிங் சராசரி .152. பதிமூன்று முறை மட்டை பிடித்தால் இரண்டு ஹிட் (அவுட்டாகாத நல்ல அடி) என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே ஹெட்ஜஸ் 2023-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் உலகத் தொடரை (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதித் தொடர்) வென்றபோது அந்த அணியிலும் இருந்திருக்கிறார். கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறை ஆட்டத்தில் அடிக்க வராத ஒருவரை எதற்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்? பந்தைப் பிடித்துத் திருப்பிப் போடுவதைத் தவிர கேட்சருக்கு வேறு என்ன வேலை? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கோவை கீப்பர்:

நான் கோவையில் எட்டு வருடம் லீக் ஆட்டங்களில் விக்கெட் கீப்பராக இருந்தவன். பேஸ்பாலை இரவில் விழித்திருந்து பார்க்கும் பழக்கம் பிறகு வந்தது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

வேகப்பந்துக்குக் கீப்பர் பல கஜம் தள்ளி நிற்பார். பந்து தரையில் பட்டு, வேகம் கொஞ்சம் குறைந்து அவரிடம் வரும். கேட்சரோ மட்டை உரசும் தூரத்தில் குந்தி உட்கார்ந்து 95 மைல் வேகப் பந்தை நேராக வாங்குகிறார். மட்டையின் நுனியில் பட்டுத் திசை மாறினால் நகரக்கூட நேரம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. கிரிக்கெட்டில் என்ன பந்து போடுவது என்று பவுலர் முடிவு செய்வார், கேப்டன் ஃபீல்டு வைப்பார். கீப்பர் யோசனை சொல்லலாம். தோனி பின்னால் இருந்து ஸ்பின்னர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதை ஸ்டம்ப் மைக்கில் கேட்டிருப்பீர்கள். பேஸ்பாலில் அது விருப்பப்பட்டால் செய்கிற காரியம் இல்லை, ஒவ்வொரு பந்துக்கும் கேட்சர் செய்தாக வேண்டிய வேலை. மற்றதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

பிளேட்டுக்குப் பின்னால்:

தங்கச்சி, உங்கள் மகளை யாரும் ஓரம் கட்டவில்லை. அணியில் எந்தப் பிள்ளையை நம்பலாம் என்று பார்த்துத்தான் அந்த இடத்தைக் கொடுப்பார்கள்.

நான் இருபது வருடமாக செயின்ட் லூயிஸில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். ஹோம் பிளேட் (பேட்டர் மட்டை பிடிக்கும் இடம்) அம்பயர் நிற்பது கேட்சரின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தோளைத் தொடும் தூரத்தில். அங்கிருந்து பார்த்தால்தான் இந்த வேலையின் கனம் தெரியும்.

ஹெட்ஜஸ் ஒரு ஆட்டத்தில் மூன்று அல்லது நான்கு முறை மட்டை பிடிப்பார். அதே ஆட்டத்தில் அவருடைய பிட்சர்கள் ஏறக்குறைய 150 பந்து எறிவார்கள். அந்த 150-க்கும் அவர் குந்த வேண்டும், என்ன பந்து என்று சொல்ல வேண்டும், எந்த மூலைக்கு என்று மிட்டை (கேட்சரின் கையுறை) காட்ட வேண்டும், வருவதை வாங்க வேண்டும். நான்கு முறையும் அவுட்டாகித் திரும்பினாலும் அன்றைய வேலையில் அது ஒரு சின்னப் பகுதிதான்.

மைதானத்தில் எட்டுப் பேர் ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்கிறார்கள். கேட்சர் ஒருவர்தான் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். யார் எங்கே தள்ளி நிற்கிறார், எந்த ரன்னர் பேஸை (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு வர வேண்டிய முனை) விட்டு ஓரடி கூடுதலாக நகர்ந்திருக்கிறார், பேட்டர் போன பந்துக்கும் இந்தப் பந்துக்கும் நடுவே காலை மாற்றி வைத்தாரா, எல்லாம் அவர் கண்ணில்தான் விழும். இதை வைத்துத்தான் அடுத்த பந்தைச் சொல்கிறார். முன்பு தொடை நடுவே விரலைக் காட்டிச் சொல்வார்கள். ஒரு விரல் வேகமான ஃபாஸ்ட்பால், இரண்டு விரல் வளைந்து இறங்கும் கர்வ்பால். இரண்டாம் பேஸில் எதிரணி ரன்னர் நின்றால் அவரும் விரலைப் பார்த்துவிடுவார் என்பதால் வரிசையாகப் பல விரல் காட்டிக் குழப்ப வேண்டும். 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி கேமராவில் இந்தச் சைகையைப் பார்த்துக் குப்பைத் தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்டருக்குச் சொன்னது பெரிய விவகாரமாகி, 50 லட்சம் டாலர் அபராதம் வரை போனது. 2022 முதல் பிட்ச்காம் என்ற சின்னக் கருவி வந்திருக்கிறது. கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். சொல்லும் விதம்தான் மாறியிருக்கிறது. என்ன சொல்வது என்ற யோசனை இன்னும் பெரும்பாலும் கேட்சரிடம்தான்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. மூன்றாம் பேஸில் எதிரணி ரன்னர் நிற்கிறார். ஆட்டம் சமநிலை. பேட்டரை ஏமாற்றச் சிறந்த பந்து கர்வ்பால், அதுவும் கடைசியில் தரையில் இறங்கும் கர்வ்பால். அதைக் கேட்சர் விட்டால் பந்து பின்னால் ஓடும், ரன்னர் நடந்தே வந்து ரன் எடுப்பார். கேட்சர் மேல் நம்பிக்கை இல்லாத பிட்சர் அந்தப் பந்தைப் போடத் துணிய மாட்டார். பயந்து கொஞ்சம் மேலே போடுவார், பேட்டர் அதைத் தூக்கி அடிப்பார். ஸ்கோர் அட்டையில் அது பிட்சர் செய்த தவறாகத்தான் பதிவாகும். நல்ல கேட்சர் இருந்தால் பிட்சர் தயங்காமல் தரையில் போடுவார். கேட்சர் மிட்டை நம்பி எட்டிப் பிடிக்கப் பார்க்க மாட்டார். இரண்டு முட்டியும் போட்டு, நாடியை நெஞ்சோடு சேர்த்து, தோளை உள்ளே குவித்து, நெஞ்சில் பந்தை வாங்கி முன்னால் விழ வைப்பார். பார்க்க அழகாக இருக்காது. யாரும் கை தட்டவும் மாட்டார்கள். நான் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். 13 வயதுப் பிள்ளைகள்கூட வலியைக் காட்டாமல் எழுந்து பந்தைத் தேடுவார்கள்.

எனக்கு இது புரிய வைத்தவர் எங்கள் ஊர் கார்டினல்ஸ் அணியின் கேட்சர் யாடியர் மொலினா. நான் இங்கே வந்த புதிது, 2006. அந்த சீசனில் அவருடைய சராசரி .216. அலுவலகத்தில் நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன், "இவரை ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று. அக்டோபர் 19, நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் மெட்ஸ் அணியுடன் ஏழாவது ஆட்டம். ஜெயித்தவர் உலகத் தொடருக்குப் போகலாம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்கில் 1-1. அடிக்க வராது என்று நான் சொன்ன அதே மொலினா இரண்டு ரன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஆனால் என் மனதில் நின்றது அதற்குப் பிறகு நடந்தது. மெட்ஸ் முறை. மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், மட்டை பிடித்து நிற்பவர் கார்லோஸ் பெல்ட்ரான். பந்து எறிபவர் ஆடம் வெயின்ரைட், அப்போது புதுமுகம். மொலினா எழுந்து, பிட்சர் நிற்கும் மேடான மவுண்டுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். மூன்றே பந்து. மூன்றாவது கர்வ்பால், பெல்ட்ரான் மட்டையை அசைக்கவே இல்லை. மூன்று ஸ்டிரைக் (அடிக்காமல் விட்டாலும், பிளேட்டுக்கு மேலே உரிய எல்லைக்குள் வந்தால் ஸ்டிரைக்) ஆனால் அவுட். ஆட்டம் முடிந்தது. அத்தனை நெருக்கடியில் ஒரு புதுமுகம் அப்படி ஒரு கர்வ்பாலைப் போட, எதிரில் உட்கார்ந்திருப்பவர் மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

அந்த இருவரும் அதன் பிறகும் சேர்ந்தே ஆடினார்கள். 2022 செப்டம்பர் 14 அன்று பிட்சரும் கேட்சருமாகச் சேர்ந்து 325-ஆவது ஆட்டத்தைத் தொடங்கி, அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார்கள். நானும் என் மனைவியும் அன்று புஷ் ஸ்டேடியத்தில் இருந்தோம். கடைசியில் அந்த எண்ணிக்கை 328-இல் நின்றது. ஒரே அணியில் 19 சீசன், சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது ஒன்பது. மொலினா அண்ணன் தம்பிகள் மூவரும் கேட்சர்கள், மூவரும் உலகத் தொடர் வென்ற அணிகளில் இருந்தவர்கள். பெங்கி, ஹோசே, கடைக்குட்டி யாடியர்.

நடு அண்ணன் ஹோசேவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் பெரிதாக அடிக்க மாட்டார். ஆனால் ஸ்டிரைக் எல்லையின் ஓரத்தில் வரும் பந்தை அவர் வாங்கும் விதத்தில் அம்பயர் ஸ்டிரைக் கொடுத்துவிடுவார். இதை ஃபிரேமிங் என்கிறார்கள். பந்து கீழே வருகிறது என்றால் மிட்டையும் கீழே இருந்து மேலே கொண்டு வந்து வாங்க வேண்டும், பந்து இழுத்த இழுப்புக்குக் கை போகக் கூடாது. 2011 வாக்கில் மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த சீசனுக்கே டாம்பா பே ரேஸ் அணி ஹோசேவை எடுத்துக்கொண்டது. இப்போதைய கணக்குப்படி இப்படிக் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு ஸ்டிரைக் சுமாராக ஒரு ரன்னில் எட்டில் ஒரு பங்கு. பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்பார்கள். அப்படியானால் 80 ஸ்டிரைக்கில் ஒரு வெற்றி. 162 ஆட்டம் உள்ள சீசனில் 80 ஸ்டிரைக் என்பது பெரிய எண்ணிக்கையே இல்லை. ஜெஃப் மாத்திஸ் என்ற கேட்சர் .194 சராசரியோடு 17 சீசன் மேஜர் லீகில் ஆடியதற்குக் காரணம் இந்த மாதிரிக் கணக்குகள்தான்.

பேஸ் திருடுபவரை, அதாவது பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுபவரை, தடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடி. பந்து மிட்டில் பட்டதிலிருந்து எழுந்து, எறிந்து, அது இரண்டாம் பேஸில் இருப்பவர் கைக்குப் போய்ச் சேர இரண்டு விநாடிதான் இருக்கிறது. 2023-இல் பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 ஆகப் பெரிதாக்கினார்கள், பிட்சர் ரன்னரை மிரட்டப் பந்து போடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. 2022-இல் 2,486 ஆக இருந்த திருட்டு 2023-இல் 3,503. இதில் பாதி பிட்சர் மெதுவாக எறிவதால் நடப்பது, ஆனால் ரசிகர்கள் திட்டுவது கேட்சரைத்தான். எனக்கு இதில் எப்போதும் வருத்தம் உண்டு.

கடைசியாக அம்பயராக ஒரு விஷயம். சில வருடம் முன்பு ஒரு பந்து மட்டை நுனியில் பட்டு நேராக என் காறை எலும்பில் அடித்தது. கண் இருட்டியது. எனக்கு முன்னால் இருந்த 14 வயதுப் பையன் எழுந்து, பந்தை எடுத்துக்கொண்டு மெதுவாக மவுண்டுக்கு நடந்துபோய்ப் பிட்சரோடு பேசிக்கொண்டு நின்றான். பேச அங்கே ஒன்றும் இல்லை. நான் மூச்சு விட நேரம் கொடுத்தான். அதேபோல் கேட்சருக்கு அடிபட்டால் நாங்கள் தூரிகையை எடுத்து, சுத்தமாக இருக்கும் பிளேட்டையே இன்னொரு முறை கூட்டுவோம். மேஜர் லீகிலும் இதே வழக்கம்தான். அடுத்த முறை பாருங்கள்.

மரைனர்ஸ் ரசிகை:

அண்ணா எழுதியது அருமை. ஆனால் இரண்டு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

கேட்சர் என்றால் அடிக்க வேண்டாம் என்று மீனா நினைத்துவிடக் கூடாது. எங்கள் சியாட்டில் கேல் ராலி 2025-இல் 60 ஹோம் ரன் அடித்தார். கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் அடித்ததில் அதற்கு முன்பு அதிகம் 2021-இல் சால்வடோர் பெரஸ் அடித்த 48. அதுவும் ராலி முந்தைய வருடம்தான் லீகின் சிறந்த தடுப்பாளருக்கான பிளாட்டினம் கையுறை வாங்கியிருந்தார். உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்த பிறகு, அதே காலை வைத்து 60 ஹோம் ரன்! அவர் மட்டை பிடிக்க வரும்போது என் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வருவார்.

இரண்டாவது, ஃபிரேமிங். பந்து வெளியே போனால் வெளியேதான். அதை உள்ளே இருப்பதுபோல் காட்டி அம்பயரை நம்ப வைப்பது எனக்கு உடன்பாடு இல்லை. 2026 சீசனிலிருந்து, ஸ்டிரைக்கா இல்லையா என்ற அம்பயர் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடும் ஏற்பாட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். அப்புறம் ஹெட்ஜஸ் மாதிரி கேட்சர்கள் என்ன செய்வார்கள், அண்ணா?

பிளேட்டுக்குப் பின்னால்:

நியாயமான கேள்வி, தங்கச்சி. ராலி செய்தது எல்லோராலும் முடியாது. ஜோ மாவர் மினசோட்டாவில் மூன்று முறை பேட்டிங் பட்டம் (லீகிலேயே உயர்ந்த சராசரிக்கு) வென்ற கேட்சர். 2013-இல் முகமூடியில் பந்து பட்டுத் தலைக்குள் அதிர்ச்சி ஏற்பட்ட பிறகு அவர் முதல் பேஸுக்குப் போய்விட்டார்; 2018-இல் தன் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துக்குத் தவிர கேட்சராக உட்காரவே இல்லை. இந்த உடல் வேலையைச் செய்துகொண்டே அடிப்பவர்கள் அபூர்வம் என்பதால்தான் அணிகள் முதலில் பிடிக்கத் தெரிந்தவரைத் தேடுகின்றன.

ஃபிரேமிங்கை நான் ஏமாற்று என்று நினைக்கவில்லை. பின்னால் நின்று பார்க்கிறேனே, மோசமாக வாங்கினால் உண்மையான ஸ்டிரைக்கும் "பால்" (எல்லைக்கு வெளியே போன பந்து) மாதிரித் தெரியும். 17 அங்குலம் அகலமுள்ள பிளேட்டின் ஓரத்தில் நல்ல பந்து வந்திருக்கும், கேட்சரின் கை அதோடு சேர்ந்து வெளியே போகும், நான் "பால்" என்று சொல்லிவிடுவேன். பிட்சர் ஒழுங்காகச் செய்த வேலையைக் கெடுக்காமல் வாங்குவதுதான் முதல் பாடம். வெளியே போன பந்தை உள்ளே கொண்டு வருவது அதற்கு அப்புறம். அந்த இரண்டாவதில் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இயந்திரம் வந்தால் அதன் மதிப்பு குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். அணிக்கு முதலில் இரண்டு முறையீடு, சரியாக இருந்தால் அது கையிலேயே இருக்கும். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டும்தான் கேட்கலாம். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் உதவக் கூடாது, அந்த இடத்திலேயே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். மூவரில் பந்தைக் கடைசி அங்குலம் வரை பார்த்தவர் கேட்சர்தான். எறிந்த பிட்சர் 60 அடி தள்ளி இருக்கிறார், அவருக்கு எல்லாப் பந்தும் ஸ்டிரைக். எங்கே கேட்பது, எதற்குப் பேசாமல் இருப்பது என்று தெரிந்த கேட்சருக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

மீனா, உங்கள் கார்டியன்ஸ் மேலாளர் ஸ்டீஃபன் வோட் யார் தெரியுமா? அவரும் கேட்சர்தான். மேஜர் லீகுக்கு வந்து முதல் 32 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட் இல்லை. 2013-இல் கிடைத்த முதல் ஹிட் ஹோம் ரன். 2022-இல் கடைசியாக மட்டை பிடித்தபோதும் ஹோம் ரன். 2024-இல் மேலாளராக முதல் சீசனிலேயே அமெரிக்கன் லீகின் சிறந்த மேலாளர் விருது. நான்கு உலகத் தொடர் வென்ற மேலாளர் புரூஸ் போச்சியும் கேட்சராக இருந்தவர். மைதானம் முழுவதையும் பார்த்து உட்கார்ந்த பழக்கம் எங்கே போகும்?

கிளீவ்லாந்து மீனா:

அண்ணா, தங்கைகளே, எல்லோருக்கும் நன்றி. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. ரன்னர் ஓடி வந்து கேட்சர் மேல் மோதும் காணொளி ஒன்று பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் முட்டியும் என்ன ஆகும்?

பிளேட்டுக்குப் பின்னால்:

நீங்கள் பார்த்தது பழைய காணொளியாக இருக்கும். 2011 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவின் பஸ்டர் போஸி மேல் ஒரு ரன்னர் மோதி, கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநாரும் கிழிந்தது. அந்த சீசனே போனது. போஸி 2012-இல் திரும்பி வந்து பேட்டிங் பட்டம், சிறந்த ஆட்டக்காரர் விருது, உலகத் தொடர் மூன்றையும் வென்றார் என்பது வேறு கதை. 2014-இல் விதியை மாற்றினார்கள். ரன்னர் வேண்டுமென்றே பாதை விலகி வந்து மோதக் கூடாது, கையில் பந்து இல்லாமல் கேட்சர் வழியை மறிக்கவும் கூடாது. பிள்ளைகள் ஆட்டத்தில் நாங்கள் இன்னும் கண்டிப்பு. மோதினால் வெளியே அனுப்பிவிடுவேன்.

முட்டிக்கு ஒரே வழி, எல்லா இன்னிங்கும் அவளையே உட்கார வைக்க வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். மேஜர் லீகில்கூட இரவு ஆட்டத்துக்கு அடுத்த நாள் பகல் ஆட்டம் என்றால் கேட்சருக்குப் பெரும்பாலும் ஓய்வு. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கிளீவ்லாந்து மீனா:

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போய்வந்தேன். இந்த முறை பந்தைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்தேன். நான்காவது இன்னிங்கில் ஒரு பந்து அம்பயரின் முன்கையில் பட்டது. அவர் கையை உதறினார். என் மகள் எழுந்து, பந்தை எடுத்துக்கொண்டு, பிட்சர் பெண்ணை நோக்கி மெதுவாக நடந்தாள். நடுவில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை அண்ணா. பக்கத்தில் இருந்தவர்கள் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று முணுமுணுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுக்குச் சொந்தமாக ஒரு மிட் வாங்கித் தரப் போகிறேன். கடையில் எடுத்துப் பார்த்தால் பலகை மாதிரி இருக்கிறது. மடங்கவே இல்லை. எல்லாம் இப்படித்தான் இருக்குமா?

பிளேட்டுக்குப் பின்னால்:

இப்படித்தான் இருக்கும். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் அதையும் பழக்க வேண்டும். சாஃப்ட்பாலுக்கு உரிய மிட்டா என்று கேட்டு வாங்குங்கள், பேஸ்பால் மிட்டில் அந்தப் பெரிய பந்து நிற்காது. அதற்கென்று விற்கும் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தடவுங்கள், நிறையப் பூசினால் தோல் கனத்துவிடும். இரவில் நடுவில் ஒரு பந்தை வைத்துக் கட்டி வையுங்கள். மற்றபடி தினமும் அரை மணி நேரம் யாராவது அவளுக்குப் பந்து போட வேண்டும். அதை நீங்களே போடுங்கள்.